புறுபுறுப்புக்காரன் ஒருவனின் வாக்குமூலம்



பொறுமையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பயான் பண்ணச் சொன்னால் எனக்கு ஒரு துண்டுக் கடதாசிகூடத் தேவையில்லை. ஐயூப் நபி (அலை) அவர்களில் தொடங்கி யஃகூப் நபி (அலை) அவர்கள் வரை வந்து, சபையில் இருப்பவர்கள் கண்ணைத் துடைக்கும் அளவுக்குப் பேசிவிடுவேன். பேசி முடித்து வீட்டுக்கு வந்து, வாசலில் ஒரு செருப்பின் மேல் மற்றச் செருப்பு ஏறிக் கிடப்பதைக் கண்டால் போதும், என் புறுபுறுப்பு ஆரம்பமாகிவிடும். யார் போட்ட செருப்பு, ஏன் இப்படிப் போட்டது, இந்த வீட்டில் ஒழுங்கு என்று ஒன்று உண்டா இல்லையா என்று வாசலில் தொடங்கினால் சாப்பாட்டு மேசை வரை அது நீளும்.

"பள்ளியில சப்ர், வீட்டில ஜப்ர்" என்று என் மனைவி சொல்வாள். அரபுக் கல்லூரியில் பல வருடம் ஓதிய எனக்கு இப்படி ஒரு எதுகை வந்ததில்லை. ஓதாத அவளுக்கு வந்திருக்கிறது.

ஆகவே இந்த மாதம் பயான் இல்லை. என் புறுபுறுப்புகளை வரிசையாகச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலாவது, தோட்டத்துப் புறுபுறுப்பு.

2022ஆம் வருடம் நாடு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் சிலிண்டருக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. அதற்கு முந்திய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதில் விளைச்சல் விழுந்து, மரக்கறி விலை கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த ஜூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுக்கும் முடிவு ஒன்று வந்தது. அது ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பொருந்துமா, பொருந்தாதா என்று விசாரிக்கும் முன்பே நான் போய் ஒரு மண்வெட்டி வாங்கிவிட்டேன்.

கறிமிளகாய், வெண்டி, தக்காளி, பயிற்றை, பாகல் எல்லாம் போட்டேன். கொத்தியதும் நட்டதும் நான். தண்ணீர் ஊற்றியது யார் என்ற விபரம் பின்னால் வரும். முதல் காய் காய்த்தபோது, அறுத்தெடுத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் சட்டியில் போடக் கொடுத்தேன். இரண்டாவது காயை நான் பார்க்கவில்லை. அதைக் குரங்குகள் பார்த்துவிட்டன.

கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு நாம் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, கூரையில் தடதடவென்று இறங்கும். தின்றுவிட்டுப் போனாலும் பரவாயில்லை. உப்புப் பார்ப்பது போல் ஒரு கடி கடித்துவிட்டு எறிந்துவிடும், பிறகு அடுத்ததைப் பிடுங்கும். பத்துத் தக்காளியில் பத்திலும் ஒவ்வொரு கடி. நானும் டின் தட்டிப் பார்த்தேன், கட்டப்பொல் எடுத்து அடித்துப் பார்த்தேன். கல் பட்டது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில்.

2025 மார்ச் 15ஆந் திகதி நாடு முழுவதும் வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் குரங்கு, மயில், மலை அணில் போன்றவற்றை எண்ணும் வேலை நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, சரியாக ஐந்து நிமிடம். நோன்பு காலம். ஸஹர் செய்துவிட்டு ஒரு கண் தூங்கலாம் என்ற ஆசையையும் விட்டுவிட்டு, பேனையும் கடதாசியுமாகப் பிள்ளைகளோடு முற்றத்தில் நின்றேன். ஒவ்வொரு நாளும் முப்பதுக்குக் குறையாமல் வரும் கூட்டத்தில் அன்றைக்கு ஒன்றாவது வரவேண்டுமே! ஒரு வால்கூடத் தெரியவில்லை. எட்டு ஐந்துக்குப் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். எட்டுப் பத்துக்குக் குடும்பத்தோடு வந்து பயிற்றம் பந்தலைப் பிரித்துவிட்டுப் போயின.

அன்று நான் புறுபுறுத்த புறுபுறுப்பில் என் நோன்பின் நன்மை எவ்வளவு மிஞ்சியதோ, அல்லாஹ்தான் அறிவான். மனைவி மட்டும் குசினி வாசலில் நின்று சொன்னாள்: "மரம் நட்டு, அதிலருந்து மனுசனோ பறவையோ மிருகமோ தின்டா அது நட்டவனுக்கு சதகா எண்டு நீங்கதானே போன ஜும்ஆவில சொன்ன. இப்ப சதகாவுக்கா இவ்வளவு கோபம்?"

ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பதில்தான் என்னிடம் இருக்கவில்லை.

இரண்டாவது, ஈமெயில் புறுபுறுப்பு.

2020ல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடிய காலத்தில்தான் எனக்கென்று ஒரு ஈமெயில் முகவரி எடுத்தேன். மூத்த மகள்தான் எடுத்துத் தந்தாள். பாடக் குறிப்புகளும் சுற்றுநிருபங்களும் அதில் வந்தன. கொஞ்ச நாளில் அவற்றோடு வேறு கடிதங்களும் வரத் தொடங்கின. நான் சீட்டு வாங்காத லொத்தரில் எனக்குப் பரிசு விழுந்தது. நான் விண்ணப்பிக்காத வெளிநாட்டு வேலை எனக்குக் கிடைத்தது. தலைமுடி வளரும் எண்ணெய் பாதி விலையில் வந்தது. அது எப்படி என் தலையைப் பார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் ஒரு விதவைப் பெண்மணி எழுதியிருந்தார். கணவர் பெரிய செல்வந்தராம், மௌத்தாகிவிட்டாராம், பல இலட்சம் டொலர் வங்கியில் கிடக்கிறதாம். அதை ஏழைகளுக்குப் பங்கிட இறையச்சமுள்ள ஒருவரைத் தேடுகிறாராம். உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, இறையச்சம் உள்ளவனாக என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். உண்மையைச் சொல்வதென்றால் ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "புருசன் மௌத்தாகி எத்தனை நாளாம்? இத்தாவில இருக்கிற பொம்பளைக்கு முன்பின் தெரியாத ஆம்பளைக்குக் கடிதம் எழுத எங்கால நேரம்?"

ஃபிக்ஹு படித்தவன் நான். மஸ்அலா தோன்றியது அவளுக்கு.

இந்த வேண்டாத கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் ஸ்பாம் என்று பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தவன் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிவிட்டேன். 1937ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, டின்னில் அடைத்த பன்றி இறைச்சியின் பெயராம் அது. 1970ல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நாடகம். அதில் வரும் சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சிதான் வரும், அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வேண்டாம் என்றாலும் விடாமல் வரும் கடிதத்துக்குக் கம்பியூட்டர்காரர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட முதற் கடிதம் 1978 மே 3ஆந் திகதி அமெரிக்காவில் ஒரு கம்பியூட்டர் வியாபாரியால் சுமார் 400 பேருக்கு அனுப்பப்பட்டதாம். ஆக, ஒரு மௌலவியின் வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் பன்றி இறைச்சி டின் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பிஸ்மி சொன்னாலும் திறக்கக்கூடாத டின்!

சகோதரிகளே, சிரித்துவிட்டு ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தபால் கந்தோரின் பெயரைப் போட்டு, "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, சிறிய தொகை ஒன்றைக் கட்டுங்கள்" என்று டெலிபோனுக்கும் ஈமெயிலுக்கும் பொய்ச் செய்திகள் வருகின்றன. வெளிநாட்டில் மகனோ கணவனோ இருக்கும் வீடுகளில் இதை நம்பி ஏமாறுவது சுலபம். அதில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். வங்கி அட்டையின் இலக்கத்தையும், டெலிபோனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொல்லி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குப் பாடம் நடத்துகிறது. அந்தப் பாடம் டெலிபோனுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் குப்பைக் கடிதங்களை ஒதுக்கி வைக்க ஈமெயிலில் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. எது வேண்டியது, எது வேண்டாதது என்று அதுவே தீர்மானித்து, வேண்டாததை நம் கண்ணில் படாமல் அதற்குள் தள்ளிவிடும். என்னுடைய பெட்டியில் 30 நாள் கழிந்ததும் தானாகவே அழிந்தும் போகும். மனிதனுடைய காதிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நான் பல முறை நினைத்ததுண்டு. அது என்னிடம் ஏற்கனவே இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

மூன்றாவது, பயணப் புறுபுறுப்பு.

2025 ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து அடுத்த சனிக்கிழமை, மச்சான் குடும்பமும் நாங்களுமாக ஒரு வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். சுபஹுத் தொழுத கையோடு புறப்பட வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். ஐந்தரைக்கு வேனின் முன் ஆசனத்தில் ஏறி அமர்ந்தும் விட்டேன். ஆறு மணி, ஆறேகால். "பயணம் போறதா, கலியாண வீடு எடுக்கிறதா?" என்று ஹோர்னை அடிக்கச் சொன்னேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. மனைவி இரவு இரண்டு மணிக்கே எழும்பியிருக்கிறாள். பதினான்கு பேருக்கும் சோறாக்கி, கோழி பொரித்து, முட்டை அவித்து, மாசிச் சம்பல் இடித்து, வாழை இலையில் பார்சல் கட்டியிருக்கிறாள். பிளேன்டீ ஊற்றிய போத்தல்கள், தொழுகைப் பாய், மாமியின் பிரஷர் குளிசை, சின்னவனுக்கு மாற்று உடுப்பு, வாந்திக்குப் பைகள், தலைச்சுற்றுக்கு முகர்ந்து பார்க்கத் தேசிக்காய். புறப்படும் அவசரத்திலும், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேனில் ஏறியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றுவது யார் என்ற விபரம் பின்னால் வரும் என்றேனே, அது இதுதான்.

கம்பளையைத் தாண்டும் முன்பே கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அவள் குடித்து முடித்துவிட்டாள். கம்பளையில் வேனை நிறுத்தச் சொன்னாள். புசல்லாவையில் ஒரு தேநீர்க் கடை, அங்கே ஒரு தரம். ரம்பொடையில் எல்லாரும் நீர்வீழ்ச்சி பார்க்க இறங்கினோம், அவள் பாத்ரூம் தேடிப் போனாள். லபுக்கலையில் மறுபடியும். பாதையில் பெண்கள் போகக்கூடிய சுத்தமான இடம் எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. என் பொறுமையும் லபுக்கலையோடு முடிந்தது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "தண்ணிய குடிக்கிற, மறுகா பாத்ரூம் தேடுற. குடிக்காம இருந்தா ரெண்டுமே மிச்சம்."

வேனுக்குள் சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

"என்னமோ தெரியா, ஒரே தாகமா ஈக்கி" என்றாள். மலை நாட்டுக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பும் சொன்னேன்.

நுவரெலியாவில் லுஹர். ஆண்கள் நாங்கள் பள்ளிக்குள் போய்ச் சுடச்சுட வுழூ செய்து நிம்மதியாகத் தொழுதோம். நாங்கள் போன இடத்தில் பெண்களுக்கு வசதி இருக்கவில்லை. அவர்கள் போத்தல் தண்ணீரில் வுழூ செய்து, வேனுக்குப் பின்னால் பாய் விரித்து, மழைத் தூறலில் ஒருவர் பின் ஒருவராகத் தொழுதார்கள். என் மனைவி இருந்துகொண்டு தொழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குப் போனோம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா எடுக்கிற சிங்கோனா மரத்தை நட்டுப் பார்ப்பதற்காக 1861ல் தொடங்கிய தோட்டம் அது. ரோசாப் பூக்களும் பன்ன வகைகளும் மூடுபனியும் கண்ணுக்குக் குளிர்ச்சி. தோட்டக்காரன் என்ற முறையில் நான் மிகவும் உற்சாகமாக இருந்தேன். மனைவி வாசலுக்குக் கிட்டவுள்ள வாங்கில் அமர்ந்துவிட்டாள்.

"எனக்கு ஏலாம ஈக்கி. கால் ரெண்டும் எரியுது. நீங்க பார்த்துட்டு வாங்க."

"டிக்கட்டுக்குக் காசு கட்டி உள்ளுக்கு வந்தது வாங்கில இருக்கவா?" என்று புறுபுறுத்துவிட்டு நான் நடந்தேன். அன்று பிடித்த போட்டோக்களில் மாமி இருக்கிறார், மச்சான் இருக்கிறார், ஒரு குரங்குகூட இருக்கிறது. அவள் ஒன்றிலும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது இரவு பத்தரை. நான் இஷாத் தொழுதுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தூக்கத்துக்குள் போகும்போது, குசினியில் சட்டி பானை கழுவும் சத்தமும் ஏதோ புறுபுறுக்கும் சத்தமும் கேட்டன. வழக்கமான புறுபுறுப்புத்தானே என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்தக் கிழமை ஓ.எல். படிக்கும் மூத்த மகள் சுகாதாரப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். சீனி வருத்தத்தின் அறிகுறிகள். அடிக்கடி சிறுநீர் கழித்தல், அதிக தாகம், காரணமில்லாத களைப்பு, கண் பார்வை மங்குதல், காயங்கள் ஆறத் தாமதித்தல். வாசித்துக்கொண்டு போனவள் நிறுத்திவிட்டாள்.

"உம்மா, இது உங்களப் போலயே ஈக்கி."

பிறகு என் பக்கம் திரும்பி, "வாப்பா, நுவரெலியா போன அன்டைக்கு உம்மா எத்தனை தரம் இறங்கின?" என்று கேட்டாள்.

"போக நாலு, வர மூணு. ஏழு தரம்" என்று உடனே சொன்னேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐந்து நிமிடம் முற்றத்தில் நின்று குரங்குகளை எண்ணியதைப் போல, என் மனைவி பட்ட கஷ்டத்தையும் நான் கவனமாக எண்ணி வைத்திருக்கிறேன். எண்ணியது புறுபுறுக்கத்தான். ஏன் என்று ஒரு தரமாவது கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் வெறும் வயிற்றோடு அழைத்துப் போய் இரத்தம் எடுத்தோம். "ரிப்போட்டை ஈமெயிலில் அனுப்புவோம்" என்றார்கள். என் முகவரியைக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மனைவி கேட்டாள், "ரிப்போட் வந்தா?" வரவில்லை என்றேன். எட்டாம் நாள் மறுபடி கேட்டாள். "வந்தாச் சொல்ல மாட்டனா?" என்று எரிந்து விழுந்தேன். பதினோராம் நாள் மகள் டெலிபோனை வாங்கி, குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

லொத்தர்ப் பரிசு ஒன்று. அந்த விதவைப் பெண்மணியின் இன்னொரு கடிதம். இரண்டுக்கும் நடுவில் என் மனைவியின் பெயரோடு அவளுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கை. வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெறும் வயிற்றில் எடுக்கும் சீனி 126 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம் என்று கணக்கு. அவளுக்கு 214. யாரும் பார்க்காமல் இன்னும் இருபது நாள் கிடந்திருந்தால் அது தானாக அழிந்திருக்கும்.

கையில் டெலிபோனோடு குசினிக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகத்தில் ஒரு ஆறுதல்தான் தெரிந்தது.

"அப்ப இது வருத்தமா? நீங்க சொல்ற மாதிரி நான் சோம்பேறியாகிட்டன் எண்டுதானே இவ்வளவு நாளும் நெனச்சிக்கொண்டு இருந்தன்."

சகோதரிகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ ஏச்சுக் கேட்டிருக்கிறேன். எந்த ஏச்சும் இந்த ஒரு வார்த்தையைப் போல் என்னைச் சுட்டதில்லை.

அரபுக் கல்லூரியில் ஓதும்போது உம்மு ஸர்உ ஹதீஸ் என்று ஒன்றை எங்களுக்குப் படிப்பித்தார்கள். புகாரியில் திருமண பாடத்தில் வருவது. முன்னொரு காலத்தில் பதினொரு பெண்கள் ஓரிடத்தில் அமர்ந்து, தங்கள் கணவன்மாரைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் பேசுவதென்று உடன்படிக்கை செய்துகொண்டு, ஒவ்வொருவராகச் சொன்ன கதை. சிலர் புகழ்கிறார்கள், சிலர் நன்றாகவே புறுபுறுக்கிறார்கள். இந்த நீண்ட கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு உம்மத்தின் சுமையைத் தோளில் வைத்திருந்தவர்கள், ஒரு பெண் சொன்ன பெண்களின் கதையை முடியும் வரை பொறுமையோடு கேட்டார்கள். கேட்டுவிட்டு, அந்தக் கதையில் வரும் நல்ல கணவனைப் போல உமக்கு நான் இருக்கிறேன் என்ற கருத்தில் ஆறுதலும் சொன்னார்கள்.

அரபு இலக்கணமும் கடினமான சொற்களும் நிறைந்த ஹதீஸ் என்பதால் நாங்கள் அதைப் பரீட்சைக்கு மனனம் செய்தோம். அதில் ஆறாவது பெண்ணின் முறைப்பாடு எனக்கு இப்போதும் தலைகீழாகப் பாடம். தன் கணவன் இருப்பதையெல்லாம் சாப்பிட்டுவிடுகிறான், குடித்து முடித்துவிடுகிறான், படுத்தால் போர்வையைச் சுற்றிக்கொள்கிறான், தன் துன்பம் என்ன என்று அறிய ஒரு கையைக்கூட நீட்டுவதில்லை என்று அவள் சொல்கிறாள். சொல்லுக்குச் சொல் இலக்கணம் சொல்லி, நல்ல புள்ளியும் எடுத்தவன் நான். அந்தப் போர்வைக்குள் படுத்திருந்தவன் யார் என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகு, நுவரெலியா போய் வந்த இரவை நினைத்தபோதுதான் விளங்கியது.

இனி, டொக்டர் சொன்னவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அதிகம். எங்கள் சின்னவன் வயிற்றில் இருந்தபோது இவளுக்கும் கூடியிருந்தது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். அப்படி இருந்தவர்கள் விடாமல் பரிசோதித்து வர வேண்டுமாம். உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ இந்த வருத்தம் இருந்தாலும் அப்படித்தான். பலருக்கு ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் தெரியாது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலுள்ள சுகவாழ்வு நிலையங்களில் இலவசமாகவே சீனியும் பிரஷரும் பார்க்கிறார்கள். "எனக்கென்ன வருத்தம்" என்று சொல்லிக்கொண்டு கணவனையும் மாமியையும் பிள்ளைகளையும் மட்டும் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் சகோதரிகளே, வரிசையில் நீங்களும் ஒரு தரம் நில்லுங்கள்.

குளிசை குடிப்பவர்கள், நோன்பு வருவதற்கு முன்பே டொக்டரிடம் போய், நோன்பு பிடிக்கலாமா, குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மௌலவியிடம் வந்து கேட்டால், முதலில் டொக்டரிடம் கேட்டு வாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். காலில் காயம் வராமல் ஒவ்வொரு நாளும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருத்தம் என்று தெரிந்த அன்றே பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர் என்று மருந்து சொல்லப் பத்துப் பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டொக்டர் சிரித்துவிட்டு, "பாகற்காயைக் கறியாக்கிச் சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பிக் குளிசையை விட்டுவிடாதீர்கள்" என்றார். எங்கள் தோட்டத்தில் குரங்குகள் தொடாமல் விட்டுவைத்திருப்பது பாகற்காய் ஒன்றைத்தான். எல்லாவற்றையும் தின்றுவிட்டு இவளுக்கு வேண்டியதை மட்டும் மிச்சம் வைத்த அந்தக் குரங்குகளை, போன கிழமை முதற் தடவையாக ஏசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், மாதங்கள் சில போய்விட்டன. குளிசையும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக அவளுடைய சீனி இறங்கியிருக்கிறது. அஸருக்குப் பிறகு இருவரும் நடக்கப் போகிறோம். தோட்டத்துக்கு இப்போது தண்ணீர் ஊற்றுவது நான்தான். வாளி தூக்கி இடுப்பு நோகிறது என்று நான் புறுபுறுத்தால், அவள் வந்து எங்கே நோகிறது என்று கேட்கிறாள். அவளுக்கு அது எப்போதும் கேட்டிருக்கிறது.

பள்ளி நிர்வாகக் கூட்டத்தில், பயணம் வரும் பெண்களுக்கு வுழூச் செய்யவும் தொழவும் ஒரு சிறு இடம் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்காகக் கதைத்திருக்கிறேன். "மௌலவி ஏன் இப்பப் புறுபுறுக்கிறார்?" என்று ஒருவர் கேட்டார். இவ்வளவு காலமும் வேண்டாததற்கெல்லாம் புறுபுறுத்தவன், இனி வேண்டியதற்கும் கொஞ்சம் புறுபுறுத்துப் பார்க்கலாம் என்றுதான்.

ஈமெயிலின் குப்பைப் பெட்டியை இப்போது கிழமைக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிறேன். காதிலுள்ள பெட்டியையும் அப்படித்தான். அதற்குள் பழைய கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. மாமியின் முழங்கால் வலி, மகள் இரண்டு மாதமாகக் கேட்கும் மேசை விளக்கு, சின்னவன் வகுப்பில் பின் வாங்கில் இருந்தால் எழுத்துத் தெரியவில்லை என்றது. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளில் இருப்பவர்களின் துன்பத்தை அறிந்துகொள்ளும் காதை எங்களுக்குத் தருவாயாக. நோயில் இருக்கும் சகோதரிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.

இன்னும் இரண்டு விடயம் எழுத இருந்தேன். குசினிப் பக்கமிருந்து புறுபுறுக்கும் சத்தம் ஒன்று கேட்கிறது. என்னவென்று போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். மிச்சம், இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.

வஸ்ஸலாம்.